உரசாத சக்கரமும் ஓர் உத்தமக் கணவனும்

கல்யாணம் ஆன பிறகு நான் சொந்தமாக எடுத்த தீர்மானம் ஒன்றே ஒன்றுதான். என் காரின் சக்கரமும் அதன் மேலிருக்கும் மட்கார்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். உள்ளேயும் ஒடுங்கக் கூடாது, வெளியேயும் துருத்தக் கூடாது. அளவெடுத்துத் தைத்த சட்டையின் கை சரியாக மணிக்கட்டில் வந்து நிற்குமே, அப்படி நிற்க வேண்டும்.

இதெல்லாம் ஒரு தீர்மானமா என்று நீங்கள் கேட்கலாம். மற்ற தீர்மானங்களை எல்லாம் என் மனைவி அகல்யா எடுத்துவிடுகிறாள். எங்கே குடியிருப்பது, ராத்திரிக்கு என்ன சாப்பிடுவது, நான் எப்போது முடிவெட்டிக்கொள்வது, எல்லாம் அவள் இலாகா. மிச்சம் கிடந்தது சக்கரம்தான். அதை நான் எடுத்துக்கொண்டேன்.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு. யாரோ ஒரு புண்ணியவான் ஆண்டு அனுபவித்துவிட்டு விற்றது. முன்னால் இரண்டு சீட். பின்னாலும் இரண்டு சீட் இருப்பதாகச் சொல்லித்தான் விற்றார்கள். அதில் உட்கார வேண்டுமானால் முழங்காலை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும்.

வாங்கிய கையோடு ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினேன். அகலமான அலாய் வீல் போட்டுச் சக்கரத்தை மட்கார்டின் விளிம்புவரை கொண்டுவந்தேன். அயனம்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துப் பார்க்கிங்கில் அது படுத்திருந்த அழகை நின்று பார்த்தால் எனக்கே கண்பட்டுவிடும் போலிருந்தது.

சரி, உங்களிடம் மறைப்பானேன். இதற்கு முன் எங்களிடம் ஏழு பேர் உட்காரும் வண்டி இருந்தது. அகல்யாவின் வீட்டார் அதில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள்.

அகல்யா பிறந்த ஊர் வேலப்பன்சாவடி. அந்தப் பக்கத்தில் கல்லூரிகள் முளைப்பதற்கு முன், நெல் முளைத்த காலத்திலிருந்தே இருக்கிற குடும்பம். சுற்றுவட்டாரத்தில் யாரைத் தொட்டாலும் உறவு. நானோ வேலைக்காக நாமக்கல்லிலிருந்து வந்தவன். எனக்கு இந்த ஊரில் தெரிந்தவர்கள் என் மேலாளரும் அகல்யாவும்தான். இரண்டு பேருக்கும் பயப்படுவேன்.

ஞாயிறு விடிந்தால் மாமியாரின் போன் வரும். பெயர் பார்வதம். ஆவடியில் காதுகுத்து, பூந்தமல்லியில் சீமந்தம், எதுவும் இல்லாவிட்டால் திருவேற்காடு கோயில். போனில் தவறாமல் ஒரு வாக்கியம் சொல்வார்: "மாப்ளே சும்மாதானே கீறாரு?"

வாரத்தில் ஒரு நாள் சும்மா இருப்பதற்காக ஆறு நாள் உழைக்கிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? அதனால்தான் பெரிய வண்டியை விற்றேன். சின்ன வண்டியை வாங்கினேன். அகல்யா எதிர்க்கவே இல்லை. "சரிங்க" என்றாள். அவ்வளவுதான். அகல்யாவுக்குக் கோபம் வந்தால் 'வீடு' 'ஊடு' ஆகிவிடும். அன்றைக்கு வீடு வீடாகவே இருந்தது. நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

முதல் ஞாயிறு மாமனார் மாமியாரைப் பின்னால் ஏற்றியபோது ஓர் அற்புதம் நடந்தது. வண்டி கொஞ்சம் அமுங்கியது. பள்ளத்தில் இறங்கி ஏறியதும் பின்சக்கரம் மட்கார்டில் போய் இடித்து, "கர்ர்ர்ர்" என்றது.

"இன்னா மாப்ளே, வண்டி உறுமுது?" என்றார் மாமியார்.

"டயர் உரசுது அத்தே. பின்னாடி ஆள் உக்காந்தா உரசும். ரொம்ப உரசினா வெடிச்சிடும்."

"வெடிச்சிடுமா?"

"படார்னு."

மாமியார் இறங்கிவிட்டார். மாமனார் கோவிந்தன் அதற்கு முன்பே இறங்கிவிட்டிருந்தார். வேட்டி மட்டும் கதவில் மாட்டிக்கொண்டது.

அதன் பிறகு எனக்குக் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றனவே! பத்து மணிக்கு எழுவேன். ஆட்டுக்கால் பாயா, ஆப்பம். பகல் தூக்கம். எழுந்து மறுபடி காபி. அகல்யா ஸ்கூட்டரில் தன் அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போவாள். நான் பால்கனியிலிருந்து ஏரியைப் பார்த்தபடி கையசைப்பேன். ஒரு 'கர்ர்' சத்தம் ஒரு மனிதனை இவ்வளவு சந்தோஷமாக வைத்திருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

இந்தச் சொர்க்கத்தில் கல்லைத் தூக்கிப் போட்டவன் ரோஹித். மேல்மாடியில் இருக்கிறான். கல்யாணம் ஆகாதவன், அதனால் கார்களைப் பற்றி நிறையத் தெரிந்தவன். ஒரு நாள் பார்க்கிங்கில் என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். நான் பாராட்டுக்காக இடுப்பில் கைவைத்து நின்றேன்.

"ஃப்ளஷ்ஷா, ஒரே கோட்டுல நிக்குது அண்ணா."

"நிக்குதுல்ல?"

"நிக்குது. ஆனா உரசுதாமே."

"அது... லோடு ஏத்தினா மட்டும்."

"சக்கரத்தை வெளிய தள்றது யார் வேணா பண்ணலாம் அண்ணா. உரசாம தள்றதுதான் வேலை. உரசுற வண்டியை நாங்க ஃப்ளஷ்னே சொல்ல மாட்டோம்."

"பின்ன என்னன்னு சொல்லுவீங்க?"

அவன் சிரித்தான். லிஃப்டில் ஏறிப் போய்விட்டான். அந்தச் சிரிப்பு மட்டும் பார்க்கிங்கிலேயே நின்றது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. என் வாழ்க்கையின் ஒரே சொந்தத் தீர்மானம் அரைகுறை என்று ஒரு பொடியன் சொல்லிவிட்டுப் போகிறான்!

உரசலைச் சரிசெய்தால் மானம் மிஞ்சும், ஞாயிறு போய்விடும். சரிசெய்யாவிட்டால் ஞாயிறு மிஞ்சும், மானம் போய்விடும். யோசித்தேன். இரண்டையும் வைத்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. உரசலைச் சரிசெய்துவிட வேண்டும். சரியாகிவிட்டது என்று ரோஹித்துக்கு மட்டும் தெரிய வேண்டும். அகல்யாவுக்குத் தெரியக் கூடாது. என் மூளையை நானே தட்டிக்கொடுத்தேன்.

வானகரத்தில் ஜீவா என்று ஒருவர், சக்கர வேலைக்குப் பேர்போனவர். தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வதில் பாதிதான் உண்மை என்றாலும் அந்தப் பாதியே பெரிது. வண்டியைக் கொண்டுபோய் விட்டேன்.

"இன்னா சார் இது, வண்டி படுத்துகினு கீது? எய்ந்துக்குமா?"

"எழுந்துக்கக் கூடாது ஜீவா. படுத்தே இருக்கணும், உரசவும் கூடாது."

"அப்டி சொல்லு! வேற எவன் கைல வுட்டாலும் சொதப்பிடுவான். நம்ம கைல வுட்ட இல்ல, மறந்துடு."

மட்கார்டின் உட்பக்க மடிப்பைச் சூடுகாட்டி மேலே மடக்கினார். கொஞ்சம் அகலம் குறைந்த டயர் மாட்டினார். சக்கரத்தின் தலையை லேசாக உள்ளே சாய்த்தார். ஸ்பிரிங்கை இறுக்கினார். வேலை முடிந்ததும் வண்டி பழையபடியே படுத்திருந்தது. சக்கரம் பழையபடியே கோட்டில் நின்றது. பார்த்தால் வித்தியாசமே தெரியாது. எனக்கு வேண்டியதும் அதுதானே.

"இனிமே உரசாதுல்ல ஜீவா?"

"லோடு போட்டுப் பாரு நைனா. பின்னாடி ரெண்டு பேர், முன்னாடி ஒத்தர், நல்லா கனமா குந்த வெச்சி, பெரிய ஸ்பீடு பிரேக்கரா பாத்து ஏத்து. அதுல சவுண்டு வரலன்னா அப்பறம் எப்பவுமே வராது."

கனமான ஆளுக்கு எங்கே போவது? வீட்டில் அரிசி இருந்தது. சிப்பம் சிப்பமாக அகல்யா வாங்கி அடுக்கியிருந்தாள். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து லிஃப்டில் இறக்கி, பின்சீட்டில் ஏற்றினேன். கடைசிச் சிப்பத்தோடு மல்லுக்கட்டும்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. ஈரத் தலையோடு நின்றிருந்தாள்.

"என்னங்க, அரிசி எங்க போகுது?"

"காய வைக்கறேன் அகல்யா. வண்டு பிடிக்குது."

"காருக்குள்ளயா?"

"கண்ணாடி வழியா வெயில் நல்லா விழும்."

"அரிசிக்கு எதுக்கு சீட் பெல்ட் போட்டிருக்கீங்க?"

"அது... சரிஞ்சிடக் கூடாதுல்ல."

"நிக்கிற வண்டியிலயா?"

"பாதுகாப்பு முக்கியம் அகல்யா."

"சரிங்க" என்றாள். போய்விட்டாள்.

பைபாஸ் ஓரத்துச் சாலையில் ஒரு வேகத்தடையில் ஏற்றினேன். வண்டி குதித்தது. ஒரு சிப்பம் வாயைப் பிளந்தது. சக்கரம் உரசியதா இல்லையா என்று எனக்குக் கேட்கவில்லை. அரிசி கொட்டுகிற சத்தம்தான் கேட்டது. இன்றைக்கும் ஏ.சி. போட்டால் நாலு அரிசி பறந்து வந்து மடியில் விழுகிறது, அட்சதை மாதிரி.

ரோஹித்திடமே போனேன். "நீயே உன் ஆளுங்களோட ஏறிப் பாருடா. உரசுதான்னு உன் காதாலயே கேளு."

"ஸ்பீடு பிரேக்கர் நான்தான் சொல்லுவேன் அண்ணா."

"எங்க வேணா சொல்லு."

"வேலப்பன்சாவடி. உங்க மாமனார் வீட்டு வாசல்ல இருக்கறது."

அது அரசாங்கம் போட்ட வேகத்தடை இல்லை. மாடிக்குக் கான்கிரீட் போட்டபோது மிஞ்சிய கலவையை மாமனார் தெருவில் கொட்டி, தானே கரண்டியால் பூசி மெழுகியது. அந்தப் பக்கத்தில் அப்படித்தான், வசதி உள்ளவர் கோயிலுக்கு மணி வாங்கித் தருவார், மாமனார் தெருவுக்கு மேடு போட்டார். தண்ணி லாரியே அதன் முன்னால் நின்று யோசித்துத்தான் ஏறும்.

"அங்க வேணாம்டா."

"உரசும்னு பயமா அண்ணா?"

மறுபடியும் அந்தச் சிரிப்பு.

அதிர்ஷ்டம் என் பக்கம் இருந்தது. அன்று மாலையே அகல்யா காய் நறுக்கிக்கொண்டு சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை அம்மாவும் அப்பாவும் திருவள்ளூர் கல்யாணத்துக்குப் போறாங்க. ஊடு பூட்டித்தான் இருக்கும்."

நான் சந்தோஷத்தில் அவள் நறுக்கிய வெண்டைக்காயில் ஒன்றை எடுத்துப் பச்சையாகத் தின்றேன். ஊடு என்று சொன்னாளே, அதைக் கவனிக்கத் தவறினேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே நான் எழுந்ததை அகல்யா ஒன்றும் கேட்கவில்லை. "டயருக்குக் காத்து அடிச்சிட்டு வரேன்" என்றேன். "சரிங்க" என்றாள். ரோஹித் தன் கூட்டாளிகளோடு நேரே அங்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

இறக்கிய காரில் போகிறவன் ஒவ்வொரு பள்ளத்துக்கும் மரியாதை செலுத்தியபடிதான் போக முடியும். நிறுத்தி, குனிந்து, சாய்த்து, ஊர்ந்து. நான் பாதி தூரம் போவதற்குள் எத்தனையோ ஸ்கூட்டர்கள் என்னைத் தாண்டிப் போயின. எதையும் நான் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

தெருமுனையில் திரும்பும்போது ரோஹித்திடமிருந்து சேதி வந்தது. "அண்ணா, வயிறு சரியில்ல. சாரி." தலையை நிமிர்த்தினேன். மாமனார் வீட்டு வாசலில் கோலம். கோலத்துக்குப் பக்கத்தில் அகல்யாவின் ஸ்கூட்டர். ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் அகல்யா. அவளுக்கு இரண்டு பக்கமும் பட்டுப் புடவையில் மாமியாரும் வெள்ளை வேட்டியில் மாமனாரும்.

"வாங்க மாப்ளே! லோடு ரெடி!" என்றார் மாமியார்.

"அத்தே... திருவள்ளூர் கல்யாணம்?"

"அது அடுத்த மாசம் மாப்ளே. நா தேதிய மாத்தி வெச்சிகினேன்."

"என்ன லோடு? எதுக்கு லோடு?"

"வண்டிய சரி பண்ணி கீறீங்களாமே, அகல்யா சொல்லிச்சு. ஏத்திப் பாக்கணுமாமே. எங்கள வுட்டா வேற யாரு கீறாங்க உங்களுக்கு?"

அகல்யாவைப் பார்த்தேன். அவள் கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியெல்லாம் ஆகல அத்தே" என்றேன் அவசரமாக. "சும்மா கொஞ்சம் பாத்தாங்க. இன்னும் உரசும். நிச்சயமா உரசும்."

"பரவால்ல மாப்ளே. வேல பாத்த வண்டி, ஒரு பொட்டாவது வெக்கணும் இல்ல?"

கிண்ணத்தில் சந்தனம் குழைத்து வைத்திருந்தார். முன்கண்ணாடியில் ஒரு கோடு. பானட்டில் ஒரு பொட்டு. எலுமிச்சம் பழத்தை டயருக்கு அடியில் வைக்கக் குனிந்தவர், பின்பக்க டயர்களின் ஓரத்தில் கட்டை விரலால் கனமாகச் சந்தனத்தை அப்பிக்கொண்டே போனார். வட்டமாக, வரிசையாக, ஒரு இடம் விடாமல். வண்டி மேல் இவ்வளவு பக்தியா என்று எனக்கே நெஞ்சு இளகிவிட்டது. அகல்யா கூடக் குனிந்து, "அங்க இன்னும் கொஞ்சம் வைம்மா" என்று எடுத்துக் கொடுத்தாள்.

பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தது. மாமனார் முன்னால். மாமியாரும் அகல்யாவும் பின்னால். அகல்யா சரியாக என் முதுகுக்குப் பின்னால் மடங்கி உட்கார்ந்திருந்தாள். கண்ணெதிரே மேடு. அதைக் கட்டியவரே பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா ஏத்துங்க மாப்ளே, ஒண்ணும் ஆவாது, கம்பி போட்டுக் கட்டினது" என்று தைரியம் சொன்னார்.

சாமி, உரசட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேகமாகவே ஏற்றினேன். வண்டி எழும்பியது. அமுங்கியது. சக்கரம் மட்கார்டுக்குள் வெண்ணெய் போல வழுக்கிப் போய், வழுக்கித் திரும்பியது. ஒரு சத்தம் இல்லை. ஜீவா சொன்னதில் பாதிதான் உண்மை என்றேனே, அந்தப் பாதி இதுதான் போலிருக்கிறது. என் கண்ணில் பாயா தெரிந்தது. ஆப்பம் தெரிந்தது. பகல் தூக்கம் கையசைத்து விடைபெற்றது. வேறு வழியில்லை. வாயைத் திறந்தேன்.

"கர்ர்ர்ர்ர்ர்!"

வண்டியை நிறுத்தினேன். "கேட்டீங்களா? நான்தான் சொன்னேனே. உரசுது!"

மாமனார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மாமியார் கவலையோடு முன்னால் சாய்ந்தார். "மாப்ளே, தொண்ட கட்டிக்கினு கீதா? மிளகு ரசம் வெச்சித் தரட்டுமா?"

"தொண்டை இல்ல அத்தே, டயர்!"

"எனக்கும் கேட்டுச்சும்மா" என்றாள் அகல்யா.

அந்த ஒரு நொடியில் அவளை எனக்கு எவ்வளவு பிடித்தது தெரியுமா! கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பிடித்ததில்லை.

"கேட்டுச்சுல்ல அகல்யா?"

"நல்லாக் கேட்டுச்சுங்க. இறங்கிப் பாப்போம்."

இறங்கினோம். அகல்யா பின்சக்கரத்தின் அருகே குனிந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். மாமியாரும் குனிந்தார். மாமனார் குனிய முடியாததால் குனிந்தவர்களைப் பார்த்தார்.

"சந்தனம் அப்படியே இருக்குங்க."

"எந்தச் சந்தனம்?"

"டயர் ஓரத்துல அம்மா வெச்சது. மட்கார்டு பட்டிருந்தா வழிச்செடுத்துட்டுப் போயிருக்குமே. ஒரு பொட்டுகூடக் கலையல."

நானும் குனிந்தேன். வட்டமாக, வரிசையாக, மாமியாரின் கட்டை விரல் ரேகைகூட அழியாமல் இருந்தது. இத்தனை நாளில் என் சக்கரம் அவ்வளவு அழகாக இருந்ததே இல்லை. உரசாமல் ஃப்ளஷ். என் வாழ்நாள் சாதனை. அழுகை வந்தது.

"ஆனா சத்தம் வந்துச்சு அகல்யா. நீயே கேட்டேன்னு சொன்னியே."

"வந்துச்சே! நான் இல்லைன்னு சொல்லலையே." அவள் நிமிர்ந்து, கையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "டயர்ல இருந்து வரல. அப்ப, ஓட்டறவர் பக்கத்துல இருந்துதான் வந்திருக்கு. நீங்க ஓட்டினா மட்டும் வருதோ என்னவோ. சாவியைக் குடுங்க, நான் ஓட்டிப் பாக்கறேன்."

யோசித்துப் பாருங்கள். அது என் வாய்ச் சத்தம்தான் என்று சொன்னால் மாமனார் எதிரில் மானம் போகும். இல்லை, வண்டியின் சத்தம்தான் என்றால் சாவி போகும். மானத்தைக் காப்பாற்றச் சாவியைக் கொடுத்தேன்.

"அப்ப நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க" என்றேன், கடைசி நம்பிக்கையோடு. "நான் ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறேன்."

"அதெப்படிங்க? லோடு குறைஞ்சா டெஸ்ட் ஆகுமா? பின்னாடி ஏறுங்க."

ஏறினேன். அகல்யா ஸ்டியரிங்கைத் தொட்டதும் வண்டி குழைந்தது. வண்டியைத் திருப்பி அந்த மேட்டில் ஏறி இறங்கினாள், மாமனாருக்கே அது வேகத்தடைதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. தெருவைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறினாள்.

"எங்க போறோம்?" என்றேன்.

"வேற்காட்டுக்கு மாப்ளே" என்றார் பக்கத்தில் இருந்த மாமியார், தேங்காய்ப் பையை என் மடியில் வைத்தபடி. "அப்டியே பூந்தமல்லில ஒரு காதுகுத்து. ஒரு எட்டு தலையக் காட்டிட்டு வந்துடலாம்."

"வரும்போது ரோஹித்துக்கு நாலு வடை வாங்கணும்" என்றாள் அகல்யா கண்ணாடியில் என்னைப் பார்த்து. "ஞாபகப்படுத்துங்க."

"அவனுக்கு வயிறு சரியில்லையே?"

"அவன் வயிறு நல்லாத்தான் இருக்கு. என்னிக்காவது உங்க பின்சீட்டுல உக்காந்திருக்கானா அவன்?"

"இல்லையே."

"அப்ப வண்டி உரசுதுன்னு அவனுக்கு யாருங்க சொல்லியிருப்பாங்க? நான் சரிபண்ணச் சொன்னா நீங்க நூறு காரணம் சொல்லுவீங்க. ஒரு சின்னப் பையன் சிரிச்சா ஓடிப்போய்ச் சரிபண்ணுவீங்க. அதான் அவனைச் சிரிக்கச் சொன்னேன்."

என்னால் 'கர்ர்' என்று கூடச் சொல்ல முடியவில்லை.

ஞாயிறு தவறாமல் அகல்யாதான் ஓட்டுகிறாள். போகிற இடமெல்லாம் காரைப் பார்த்துவிட்டு, யார் சார் இந்த வேலை பார்த்தது என்று இளைஞர்கள் குனிந்து குனிந்து சக்கரத்தைப் படம் எடுக்கிறார்கள். எத்தனை மேடு ஏறினாலும் அது எதிலும் படுவதில்லை. ஒவ்வொரு மேட்டுக்கும் கூரையில் இடிப்பது பின்சீட்டில் தேங்காய்ப் பையோடு இருக்கும் என் மண்டைதான்.